ஐம்பது மில்லிமீற்றரில் மூன்று பேர்

அண்ணா பொத்தானை அழுத்தினார். கமெராவுக்குள் இருந்த பற்சில்லுகள் கறகறவென்று ஓடத் தொடங்கின. படம் விழுவதற்குள் அவர் எங்களிடம் வந்து சேர வேண்டும்.

“ஆடாமல் நில்லுங்கோ. ரெண்டு பேரும் லென்ஸைப் பாருங்கோ,” என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்தார்.

ஓடி வந்தார் என்று மரியாதைக்காக எழுதுகிறேன். நெஞ்சில் குழாய் அடைப்பு, மாடிப்படி ஏறவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்த மனிதர் அவர். வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியின் மொட்டை மாடியில், செருப்பு டப்டப்பென்று அடிக்க, அவசரமாக நடந்து வந்தார் என்பதுதான் உண்மை.

எனக்கு இடப்பக்கத்தில் அவருக்கென்று ஓரிடம் விட்டிருந்தோம். அதற்கு அப்பால் அக்கா நின்றார். கடற்காற்று அக்காவின் பச்சைச் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கீழே ரயில் ஒன்று பம்பலப்பிட்டிப் பக்கம் போனது.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு இவர்கள் இருவரையும் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா தவமணி மூத்தவர், கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய வீட்டிலேயே இருக்கிறார். அண்ணா யோகன் நடுப்பிள்ளை. கலியாணம் கட்டாமல் அக்காவோடு அதே வீட்டில் இருந்தவர். நான் கடைக்குட்டி. அம்மா அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் மிச்சம் நாங்கள் மூன்று பேர்தான்.

மூன்று பேரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அடுத்த கிழமை அண்ணாவுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன். அதற்கு முதல் அந்த ஒரு படம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

ஆர் இந்த ஆள்?

அறுபதைத் தாண்டும்வரை ஒரு படம் எடுக்கவில்லையா, அதுவும் வீட்டில் கமெராக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

மூன்று பேராகப் படத்துக்கு நிற்கக் கூடாது. நடுவில் நிற்பவருக்கு ஆகாது. இது எங்கள் அம்மாவின் சட்டம். பல வீடுகளில் இதைச் சொல்வார்கள், சிரித்துவிட்டு எடுத்தும்விடுவார்கள். எங்கள் வீட்டில் சிரிப்பதற்கில்லை. அப்பா துறைமுகத்தில் தன்னோடு வேலை செய்த இருவருக்கு நடுவில் நின்று ஒரு படம் எடுத்தார். அந்த வருடமே போய்விட்டார். அந்தப் படத்தை அம்மா தட்டுமுட்டுச் சாமான்களோடு கட்டிப் பரணில் போட்டுவிட்டார்.

அதன் பிறகு அண்ணா கமெராவோடு வந்து நின்றால் எதிரே இருப்பது அம்மா, அக்கா, நான். மூன்று. தானாக எடுக்கும் பொத்தானை அண்ணா அப்போது நம்பியதில்லை, அதனால் உடனே நாலாவது ஆளைத் தேடி ஒழுங்கைக்கு ஓட வேண்டும். கிடைத்தவரைப் பிடித்துவந்து நிற்பாட்டுவோம். பாண்காரர் ஒருவர் தலையில் பெட்டியோடு எங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார். மீன் விற்க வந்த பொம்பிளை ஒருவர் அம்மாவின் தோளில் கைபோட்டிருக்கிறார். காலிமுகத்திடலில் எடுத்த படத்தில், இறால் வடையைக் கடித்தபடி முன்பின் தெரியாத ஒரு மனிதர் எங்களோடு குடும்பமாக நிற்கிறார்.

கலியாணமான புதிதில் என் கணவர் அல்பத்தைப் புரட்டிப் புரட்டி “இது ஆர்? இது ஆர்?” என்று கேட்டார். தெரியாது, தெரியாது என்று சொல்லி எனக்கு வாய் வலித்தது. இவ்வளவு பெரிய குடும்பமா என்று பயந்துபோயிருந்த மனிதருக்கு அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

அம்மா போன பிறகு நாலாவது ஆள் தேவைப்படவில்லை. அண்ணா எடுப்பவர், எதிரே அக்காவும் நானும் இரண்டு பேர். கணக்குச் சரி. அண்ணாவும் வந்து எங்களோடு நின்றால்தான் மூன்று. அதனால் அவர் வரவேயில்லை. இப்படியே காலம் ஓடிவிட்டது. ஒரே ஊரில், ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு ஓடவிட்டோம்.

காலைக் கடவுள் எதுக்குத் தந்தவர்?

அண்ணா கப்பல் கம்பனி ஒன்றில் சாமான் ஏற்றி இறக்கும் கணக்குப் பார்த்தவர். கமெராவை ஒரு கப்பல்காரரிடம் வாங்கினார். கறுப்புத் தோல் உறை, அதற்குள் வெள்ளி நிற உடம்பு, முன்னால் ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று. அந்தக் காலத்தில் எல்லாக் கமெராவோடும் சும்மா கூட வருகிற சாதாரண லென்ஸ். அது தூரத்தைக் கிட்டே கொண்டுவராது, சின்ன அறையைப் பெரிதாகக் காட்டாது. நம் கண் பார்க்கிற அளவுக்குத்தான் பார்க்கும்.

கலியாண வீடுகளில் மற்றவர்கள் நீட்டி நீட்டிச் சுருக்கும் நீளக் குழல்களோடு தூரத்தில் நிற்பார்கள். அண்ணா மணவறைக்குள்ளேயே போய் நிற்பார். ஐயரிடம் ஏச்சு வாங்குவார். ஒரு சூம் லென்ஸ் வாங்கினால் என்ன என்று கேட்டால் ஒரே பதில்தான்.

“கிட்ட வேணும் எண்டால் கிட்டப் போ. காலைக் கடவுள் எதுக்குத் தந்தவர்?”

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. கமெரா தோல் உறையோடு அலுமாரிக்குள் போனது. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் எடுத்துப் பார்த்தால், லென்ஸுக்குள்ளே சிலந்தி வலை பின்னியது போலப் பூஞ்சணம். கொழும்பின் ஈரக்காற்றுக்குத் தோல் உறையை விட மோசமான இடம் கிடையாதாம். கொம்பனித்தெருவில் ஒருவர் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். ஓரத்தில் ஒரு சின்ன வடு மட்டும் போகவில்லை.

கண்ணாடி மஞ்சளித்தும் இருந்தது. அந்தக் காலத்துச் சில லென்ஸ்களுக்கு வயது போனால் அப்படி வருமாம், வெயில் காட்டினால் தெளியுமாம். அண்ணா அதை யன்னல் ஓரத்தில், அக்கா காயவைத்த மிளகாய்க்குப் பக்கத்தில் வைத்தார். மிளகாயைக் காகம் கொத்தாமல் பார்ப்பது அண்ணாவின் வேலை, லென்ஸை ஒருவரும் தட்டிவிடாமல் பார்ப்பது அக்காவின் வேலை என்று பேசிக்கொண்டார்கள். அக்கா தன் வேலையைச் செய்தார். அண்ணா நித்திரையாகிவிடுவார், காகங்களுக்குக் கொண்டாட்டம்.

லென்ஸ் தெளிந்தது. ஆனால் கடைகளில் பிலிம் இல்லை. நாட்டில் பாணுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்று களைத்திருந்த காலம் அது, பிலிமை யார் இறக்குமதி செய்வார்கள்? வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் ஒரே ஒரு றோல் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணா அதைக் கஞ்சனைப் போலச் செலவு செய்தார். கடைசிப் படத்தை எங்களுக்கென்று வைத்திருந்தார்.

போனில் எடுத்தால் என்ன என்று நான் கேட்டேன். போனுக்கு முன்னால் கிட்ட நின்றால் எல்லாருக்கும் மூக்குத்தான் முதலில் வருகிறது என்றார். எங்கள் குடும்ப மூக்கைத் தெரிந்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

ஒரு முழ இடம்

அன்று பின்னேரம் இருவரும் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் வந்தார்கள். லிப்ட் வேலை செய்தது எங்கள் அதிர்ஷ்டம். மொட்டை மாடியில் ஏறியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, நாலாவது ஆள் எங்கே?

என் கணவர் வெளியே போயிருந்தார், கீழே காவலுக்கு இருக்கும் பண்டா அய்யாவைக் கூப்பிடலாம் என்றேன். நல்ல மனிதர், சொன்னால் தலையை வாரி இழுத்துக்கொண்டு வந்து நிற்பார். அண்ணா வேண்டாம் என்றார். எனக்கு அவர் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

“எங்கட எல்லாப் படத்திலயும் ஆரோ ஒருத்தர் நிக்கிறார், அக்கா. இதில நாங்கள் மட்டும் நிப்பம்.”

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. நெஞ்சை வெட்டப் போகிற நேரத்தில் இது தேவையா என்று முணுமுணுத்தார். அண்ணா அசையவில்லை. கடைசியில் அக்கா இணங்கிவந்தார். அப்படியென்றால் நடுவில் தான் நிற்கிறேன் என்றார்.

“நீங்கள் நடுவில நிக்க நான் விடுவனே?” என்றார் அண்ணா.

படிக்காத சனமா இவர்கள் என்று நினைக்காதீர்கள். இருவரும் கொழும்பில் பிறந்து, இங்கிலீஷில் வேலை பார்த்தவர்கள்தான். ஒருவருக்காக ஒருவர் அந்த நடு இடத்துக்குச் சண்டை பிடித்தார்கள். என்னை நடுவில் விடலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. வென்றது அண்ணா.

தண்ணீர்த் தாங்கியும் பக்கத்து வீட்டாரின் காயப்போட்ட உடுப்புகளும் பின்னால் தெரியக் கூடாதென்று அவர் லென்ஸின் வாயை முழுதாகத் திறந்து வைத்தார். அப்படித் திறந்தால் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். ஆனால் தெளிவாக விழுகிற இடமும் சுருங்கி ஒரு முழ அகலத்துக்கு வந்துவிடும். அதனால் ஒரு செங்கல் துண்டால் தரையில் கோடு கிழித்தார். என்னை அதில் நிறுத்தி லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோட்டை விட்டு ஓரடி விலகினாலும் ஆள் புகையாகப் போய்விடும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். கமெராவை ஸ்டூலின் மேல் இரண்டு தலையணை வைத்து அதன் மேல் இருத்தினார்.

பிறகுதான் நான் முதலில் சொன்னது. பொத்தானை அழுத்தினார், வந்தார், எங்கள் நடுவில் நின்றார். அவருடைய தோள் என் தோளில் முட்டியது. மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. நான் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. லென்ஸையே பார்த்துக்கொண்டு பல் முழுவதையும் காட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது.

டக்கென்று விழுந்தது.

அண்ணா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன். பிறகு, “நல்லா வந்திருக்கும்,” என்றார். போய்ப் பிலிமைச் சுற்றத் தொடங்கினார். அக்கா பிளேன்ரீ போடலாமா என்று கேட்டுக்கொண்டு எனக்கு முதல் கீழே இறங்கிவிட்டார். இன்னொரு படம் எடுக்கப் பிலிம் இருக்கவில்லை.

கடையில் வைத்துப் பிரித்தேன்

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்றார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று அக்காவும் நானும் கை காட்டினோம். அண்ணா விரலை அசைத்தார். அதற்குப் பிறகு நெஞ்சு களைத்துவிட்டது. வயது, இரத்தத்தில் பழைய சீனி வருத்தம், என்னென்னவோ காரணம் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தோம், கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோனோம்.

பிலிமைக் கழுவ ஆள் தேடுவது பெரிய பாடாகிவிட்டது. காலி வீதியில் ஒரு கடைக்காரர், பல றோல்கள் சேர்ந்தால்தான் அனுப்பிக் கழுவுவோம் என்று வாங்கி வைத்தார். முப்பத்தோராம் நாள் காரியம் கிட்டி வந்த வேளையில்தான் படங்கள் வந்தன. வீடு வரைக்கும் பொறுக்க முடியாமல் கடையிலேயே நின்று உறையைப் பிரித்தேன்.

துறைமுகத்துச் சுவர், கோயில் வாசலில் தேங்காய் உடைக்கும் ஒருவர், யன்னலோரத்து மிளகாயும் அதில் வாய் வைக்கும் காகமும். நித்திரையாகிவிட்டார் என்று நாங்கள் நினைத்த மனிதர் காகத்தைக் கலைக்காமல் படம் எடுத்திருக்கிறார்.

கடைசிப் படம் எங்களுடையது.

இடது ஓரத்தில் நான், ஒவ்வொரு பல்லும் எண்ணும்படி தெளிவாக. நடுவில் அண்ணா. அவர் லென்ஸைப் பார்க்கவில்லை. முகம் அக்காவின் பக்கம் திரும்பியிருக்கிறது. இடக்கை முழுதாக நீண்டு விரல்கள் விரிந்திருக்கின்றன. அந்த விரல்களுக்கு அப்பால், படத்தின் விளிம்பில், பச்சையாக ஒரு புகை. அது அக்காவின் சேலை. அக்காவின் முகம் படத்தில் இல்லை. கோட்டை விட்டுப் பின்னால் விலகி வெளியே போய்க்கொண்டிருக்கிறார்.

கடைக்காரர், படம் பழுதாகிவிட்டதா மிஸ் என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நான் இருக்க ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார்.

கொட்டாஞ்சேனை

இதை அக்காவிடம் காட்டுவதா, பிலிம் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடுவதா என்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம் யோசித்தேன். யோசித்ததற்குப் பலன் இல்லை. கதவைத் திறந்த அக்கா என் கையில் இருந்த உறையைப் பார்த்ததும் தானே சொன்னார்.

“நான் அதில இருக்க மாட்டன், ராணி.”

உள்ளே போய் இருந்தோம். அக்கா மெதுவாகச் சொன்னார். அண்ணா வந்து நடுவில் நின்றதும் தன்னால் முடியவில்லையாம். தான் விலகிவிட்டால் படத்தில் இரண்டு பேர்தான், இரண்டு பேருக்கு நடு ஏது, தம்பிக்கு ஒன்றும் வராது என்று நினைத்தாராம். படம் வந்த பிறகு அவன் ஏசட்டும், ஏசுவதற்கு அவன் இருந்தால் போதும் என்று நினைத்தாராம்.

“அவன் முன்னால பாத்துக்கொண்டு நிண்டவன் எண்டுதான் நினைச்சன். நான் போனது அவனுக்குத் தெரியாது.”

நான் படத்தைக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அந்த நீட்டிய கையை விரலால் தடவினார். பிறகு படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“கண்டிருக்கிறான். கண்டும் என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை.”

அன்று மொட்டை மாடியில் அண்ணா பேசாமல் நின்றது களைப்பினால் அல்ல. நல்லா வந்திருக்கும் என்று சொன்னபோது, வரவில்லை என்று அவருக்குத் தெரியும். அக்காவின் மனது நோகக் கூடாதென்று பிலிமைச் சுற்றி மூடிவிட்டார். ஒப்பரேஷனுக்குப் போகும்வரை ஒரே வீட்டில் இருந்தும் அதைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. அக்கா அண்ணாவைக் காப்பாற்ற விலகினார். அண்ணா அக்காவைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டார். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பச்சைப் புகை. எனக்கு அந்த இருவர் மேலும் கோபம் வருகிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

முப்பத்தோராம் நாளுக்கு மாலை போடப் படம் வேண்டும். அடையாள அட்டைக்கு எடுத்த நேர் முகப் படம் ஒன்று இருந்தது, அதைப் பெரிதாக்கலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. இந்தப் படம்தான் வேண்டும் என்றார். ஒரு பக்கம் திரும்பி நிற்கிறாரே என்று ஸ்ரூடியோக்காரரும் சொல்லிப் பார்த்தார். அக்காவின் உத்தரவுப்படி பெரிதாக்கினார். கை முழுவதும் வர வேண்டும், புகை வேண்டாம், அவள் வேண்டாம் என்று என்னைக் காட்டி அக்கா சொன்னார். எடுத்த படங்களிலேயே நான் நன்றாக விழுந்த ஒரே படத்திலிருந்து என்னை வெட்டிவிட்டார்கள்.

செத்தவீட்டுக்கு வர முடியாமல் முப்பத்தோராம் நாளுக்கு வந்த சொந்தங்கள் மாலைக்குள் இருந்த அண்ணாவை அதிசயமாகப் பார்த்தார்கள். மாலை போட்ட படத்தில் நம்மைப் பார்க்காமல் எங்கேயோ கையை நீட்டிக்கொண்டு நிற்கும் மனிதரை அவர்கள் கண்டதில்லை. ஒருவர் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய், வேறு படம் கிடைக்கவில்லையா என்று கேட்டார்.

நான் இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். கமெராவும் லென்ஸும் என்னிடம்தான் இருக்கின்றன. தோல் உறையை எறிந்துவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பழைய லென்ஸ்களைப் புதுக் கமெராவில் பூட்டிப் படம் எடுக்கிறார்களாம். விற்பீர்களா என்று ஒருவர் கேட்டார். மாட்டேன் என்றேன். அதில் நான் படம் எடுக்கப் போவதும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை போனபோது அக்கா குசினி வாசலுக்குக் குறுக்கே ஒரு கதிரையைப் போட்டு அதில் இருந்தார். வழி அடைபட்டுக் கிடந்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு நான் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. இந்த வயதில் இடறி விழுந்தால் யார் பார்ப்பது, கதிரையைப் பழைய இடத்தில் போடுங்கோ என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அக்கா எழும்பவில்லை. சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். அண்ணாவின் முகமும் நீட்டிய கையும் சரியாக அந்தக் கதிரைப் பக்கம் இருந்தன.

“இருக்கட்டும் ராணி,” என்றார். “அவன் இன்னும் கையை எடுக்கேல்லை.”